வாய் சரியில்லை

எங்கள் தோட்டத்து மருந்துச்சாலைக் கதவில் ஒரு விதி ஒட்டப்பட்டிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்காவது இங்கே தீர்க்க முடியாத நோவு கண்டால், டிஸ்பென்சர் அதை ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும். துண்டைப் பார்த்த தோட்டத்துத் துரை, நோயாளியைத் தாமதமின்றி வெளி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. நான் பின்னாளில் கல்விக் கந்தோரில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள். எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்திருக்கிறேன், சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். இவ்வளவு தெளிவான ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு விதி இவ்வளவு தெளிவாக இருந்தால், அதை யாரும் இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவர் அதே தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கர். ஸ்டோர் என்றதும் சாமான் அடுக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மலையில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். கொழுந்து கூடையிலிருந்து இறங்கியது முதல் தூளாகிப் பெட்டியில் ஏறும் வரை அவர் பொறுப்பு. காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்துச் சாயம் ஊற்றி, ஒவ்வொன்றையும் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்புவார். துரை பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். துப்புவதற்காக ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன் என்று என் சிநேகிதிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர்கள் நம்பவில்லை.

அந்த ஆண்டு நான் முழுகாமல் இருந்தேன். முந்தின ஆண்டும் இருந்தேன்; மூன்றாம் மாதத்தோடு அது கலைந்து போனது. கலைந்ததைப் பற்றித் தோட்டத்தில் யாரும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த மரியாதை எனக்கு நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது. இரண்டாவது தடவை வயிற்றில் உண்டானதும் அதே ஆட்கள், அடுப்பில் பொங்கப்போகும் பாலைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கு முதலில் வந்தது வாந்தி. காலையில் பல் விளக்கக் கரித்தூளைத் தொட்டால் போதும், குமட்டும். அடக்கிக்கொண்டு விளக்கினால் ஈறில் இரத்தம் வரும். அது எந்த இடத்து இரத்தமாக இருந்தாலும், எனக்கு முந்தின ஆண்டுதான் கண்முன் வரும். ஆகவே பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வாய் கொப்பளிப்பதோடு திருப்திப்பட்டேன். சுகாதாரப் பாடத்தில் "காலையும் மாலையும் பல் துலக்க வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதியவளும் நான்தான். எழுத்து மட்டும் மிக அழகாக இருந்தது.

நான்காம் மாதம் கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கத் தொடங்கியது. முதலில் சூடான தேத்தண்ணீர் பட்டால் வலித்தது. பிறகு ஆறிப்போன தேத்தண்ணீர் பட்டாலும் வலித்தது. பிறகு எதுவும் படவேண்டியதில்லை, காற்றே போதும் என்றாகிவிட்டது. எங்கள் மலையில் காற்றுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

கூடவே அழுகையும் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு கன்றுக்குட்டி தாயைத் தொலைத்துவிட்டுத் தேடும். கடைசி வரியில் கண்டுபிடித்துவிடும். அதை வாசித்துக் கொடுக்கும்போது எனக்குக் கண்ணீர் வழிந்தது. பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், கன்னுக்குட்டிக்கு அம்மா கெடச்சிருச்சுங்க" என்று ஆறுதல் சொன்னாள். அதற்கும் அழுதேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் முழுகாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்தால் முதல் கேள்வி, "வாய்க்கு என்ன கேக்குது?" என்பது. நாக்கு எதற்கு ஏங்குகிறது, கொண்டு வந்து தருகிறோம் என்று பொருள். அன்பான கேள்வி. அதற்கு ஒருபோதும் நேரான பதில் சொல்லக்கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கட்டடம் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே தோட்டத்துச் செய்திகளையும் ஆட்டி விடுகிறவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க டீச்சரம்மா, மொகம் இப்படி வாடிக்கெடக்கு. வாய்க்கு என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல ஆயா. வாய்தான் சரியில்ல."

"அதான பார்த்தேன்" என்றார் ஆயா. அவர் முகத்தில் ஒரு பெரிய வழக்குத் தீர்ந்த திருப்தி.

மறுநாள் ஒரு பொட்டலம் மாங்காய் வந்தது, உப்பும் மிளகாய்த்தூளும் தனித்தனியாக மடித்து. அதற்கு மறுநாள் புளியங்காய். டீச்சரம்மாவுக்கு வாய் சரியில்லை, எதைத் தின்றாலும் ருசிக்கவில்லையாம் என்ற செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பரவிவிட்டது. நெல்லிக்காய், அம்பரெல்லாங்காய், எலுமிச்சை ஊறுகாய் என்று வீட்டு வாசலில் ஒரு புளிப்புக் கடையே திறந்தது. நோர்வூட் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா கூட, தோட்டத்து ஆள் ஒருவரிடம் ஒரு போத்தல் அச்சாறு கொடுத்தனுப்பினார். பார்ப்பதற்கே பல் கூசியது. எனக்குக் கூசுவதற்கு மேலேயும் ஆனது.

"ஆயா, எனக்குப் பல்லு வலி. புளிப்புப் பட்டா உசுரே போகுது" என்று கெஞ்சினேன்.

"அப்படித்தாங்க சொல்லத் தோணும். நான் என் மூத்தவனுக்கு இருந்தப்ப சோத்தைப் பார்த்தா ஓடுவேன். கொண்டாந்து முன்னாடி வச்சாங்க, தின்னேன்."

"இது வேற வலி ஆயா."

"எல்லா வலியும் மொதல்ல வேற மாதிரிதான் இருக்கும்" என்று கூறி இன்னொரு மாங்காயைத் திண்ணமாக என் கையில் வைத்தார்.

தோட்டத்து மருத்துவச்சி சுற்று வந்தபோது என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பேச்சில் கறாரான மனுஷி.

"வயிறு ஏறவே இல்லையே. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"மெல்ல முடியல. கஞ்சிதான் குடிக்கிறேன்."

"வாத்தியாரம்மா கஞ்சி குடிச்சா, உள்ள இருக்கிறது என்ன குடிக்கும்? இப்படியே போனா புள்ள சவலையாத்தான் வரும். அதுவும் வந்தா. போன வருசம் மாதிரி..."

அங்கே நிறுத்திக்கொண்டார். பையை மூடி, வேறு பக்கம் பார்த்தார். அவர் முடிக்காமல் விட்ட அந்தப் பாதி வாக்கியம் நான் பாடம் நடத்தும்போதும், துணி அலசும்போதும், தலை வாரும்போதும் என் காதுக்குள் தன்னைத்தானே முடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்றால் நான் சாப்பிட வேண்டும். சாப்பிட வேண்டும் என்றால் அந்தப் பல் போக வேண்டும். என் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

"அப்ப பல்லுக்கு ஏதாவது செய்ங்களேன்" என்றேன்.

"கழுத்துக்கு மேல டாக்டரய்யா" என்றார் மருத்துவச்சி, தன் எல்லையைக் கையாலேயே காட்டி.

டாக்டரய்யா என்பது டிஸ்பென்சர். டாக்டர் அல்ல என்பது அவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டத்தைத் தோட்டமே அவருக்குக் கொடுத்திருந்தது, தோட்டம் கொடுத்ததை அவர் திருப்பித் தரும் வழக்கமில்லை. அவரிடம் சிவப்பு மருந்து ஒன்றும் கறுப்பு மருந்து ஒன்றும் இருந்தன. எந்த நோவானாலும் இரண்டில் ஒன்று. டோர்ச்சை அடித்து என் வாய்க்குள் பார்த்தார்.

"சொத்தை. பிடுங்கத்தான் வேணும்."

"பிடுங்குங்க."

"நீங்க முழுகாம இருக்கீங்களே டீச்சர்."

"ஆமா, எனக்குத் தெரியும்."

"அது மருத்துவச்சி பொறுப்பு."

"அவங்க, கழுத்துக்கு மேல நீங்கங்கிறாங்க."

"கழுத்துக்கு மேலதான். ஆனா கீழ ஒரு ஆள் இருக்கே."

"அப்ப துண்டு எழுதித் தாங்க. ஹட்டனுக்குப் போய்ப் பார்த்துக்கிறேன். கதவுல விதி ஒட்டியிருக்கீங்களே."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பல காலமாக அதைத் திறந்து மூடியவர், அதில் எழுத்து இருப்பதை அன்றுதான் கவனித்தார் போலிருந்தது.

"துண்டுல என்ன நோவுன்னு எழுதறது? பல்லுன்னு எழுதினா, பல்லு இங்கேயே பிடுங்கிறதுதான், ஏன் அனுப்பினேன்னு துரை கேப்பார். கர்ப்பம்னு எழுதினா, அது நோவே இல்லையே."

சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னாளில் என் உத்தியோகத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்களை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அழுகையும் வருது" என்றேன், வெட்கத்தோடு. "காரணமில்லாம."

"அழுகைக்கு ரிஜிஸ்டர்ல கட்டமே இல்ல டீச்சர்" என்று வருத்தமாகச் சொல்லி, ஒரு போத்தல் சிவப்பு மருந்து கொடுத்தார். பிறகு, ஒரு சமாதானமாக: "உங்க பிள்ளை சுண்ணாம்புச் சத்தை இழுக்குது. அதான் பல்லு சொத்தையாகுது."

"நாலு மாசப் பிள்ளை என் பல்லைத் தின்னுருச்சா?"

"சயன்ஸ்" என்றார்.

கடைசியில், மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். மேலிடம் என்றால் மாவட்டத்து வைத்தியக் கந்தோர். வாசகத்தை நானே சொல்லிக் கொடுத்தேன்: கர்ப்பிணி ஒருவரின் பல்லைப் பிடுங்கலாமா? ஒரே கேள்வி, ஒரே வரி. அவர் அதற்கு முன்னால் மூன்று வரி வணக்கமும் பின்னால் மூன்று வரி பணிவும் சேர்த்து, நடுவில் கேள்வியைத் தேட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து அனுப்பினார். அது ஆகஸ்ட் மாதம்.

துண்டு இல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். போயிருக்கலாம். ஆனால் பல்லைப் பிடுங்கினால் நரம்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும், பிள்ளை நழுவிவிடும் என்று லயத்தில் சொல்வார்கள். நான் படித்தவள், சிரித்தேன். சிரித்துவிட்டு, அதை நம்பினேன். மேலிடத்திலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருப்பது, பயத்துக்கு ஒரு நல்ல உடுப்புப் போட்டுவிட்ட மாதிரி கௌரவமாக இருந்தது.

அடுத்து நடந்தது இது. மேலிடத்துக்கு எழுதினால் துரைக்கும் சொல்ல வேண்டும். டிஸ்பென்சர் ஒருநாள் வழியில் துரையைக் கண்டு, துரைக்குப் புரியட்டும் என்று எளிய தமிழில் சொல்லியிருக்கிறார்: "டீச்சருக்கு வாய் சரியில்லைங்க சார்."

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். பரீட்சை எழுதித் தேறியவர். ஆனால் அவருடைய தமிழ் முழுவதும் பெரட்டுக் களத்தில் உருவானது. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிக்கும் இடம் அது. அங்கே "வாய்" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். வாய் காட்டாதே, வாயை மூடு, வாய் அதிகம்.

இரண்டு நாள் கழித்து அவர் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். என் இடது கன்னம் அப்போது ஒரு பேக்கரிப் பணிஸ் அளவுக்கு வீங்கியிருந்தது.

"டீச்சர், உன் வாய் பத்தி ரிப்போர்ட் வந்திச்சு."

எனக்கு நிம்மதியில் கண் கலங்கியது. "ஆமாங்க சார். ரெண்டு மாசமா..."

"வாய் கம்மி பண்ணு. பிள்ளைங்க முன்னாடி வாய் நல்லா இல்லை."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பதில் சொல்ல நிறைய இருந்தது, தாடைதான் திறக்கவில்லை. "சரிங்க சார்" என்பது மட்டும் வெளியே வந்தது, அதுவும் பாதியாக.

"குட். இப்ப சரி" என்றார் துரை. ஒரே வார்த்தையில் ஒரு டீச்சரைத் திருத்திவிட்ட மனிதரின் நடையோடு வெளியே போனார்.

மாலையில் கணவரிடம் அதை நடித்துக் காட்டினேன். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார், பிறகு தோள்கள் குலுங்கின. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தாடை வலித்தது, வலித்ததில் அழுகை வந்தது, அது நிற்கவில்லை. மருத்துவச்சி பாதியில் விட்ட வாக்கியத்தை அப்போதுதான் அவரிடம் முழுவதுமாகச் சொன்னேன்.

அவர் பேச்சுக் குறைந்தவர். கொழுந்து வாடுவதைப் பற்றிக் கேட்டால் பேசுவார். ஆட்கள் வாடுவதைப் பற்றி அவருக்குச் சொல் கிடைக்காது. கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றினார்.

"எனக்கும் பயந்தான்" என்றார். "போன வருசத்துப் பிள்ளைக்கு நான் பேரு நெனச்சு வச்சிருந்தேன்."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆண்டாக நெஞ்சில் கிடந்த கல்லை அன்று இரண்டு பேராகப் பிடித்து ஓரமாக வைத்தது போலிருந்தது. பல் வலித்துக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் காலை ஸ்டோரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும், அவரும் சிறுகச் சிறுகப் பல ஆண்டுகளில் சொன்னார். கோப்பைகள் வரிசையாக இருந்தன. துரை பக்கத்தில் நின்றார். என் கணவர் முதல் கோப்பையை உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன? சாயம் சரியில்லையா?" என்று துரை பதறினார்.

"சாயம் இல்லைங்க சார். வாய் சரியில்ல." கையைத் தாடையில் வைத்துக்கொண்டார்.

டிஸ்பென்சர் சொன்ன அதே சொற்கள், அதே துரை. ஆனால் இம்முறை சொன்ன இடம் ஸ்டோர். ஸ்டோருக்குள் வாய் என்றால் நாக்கு. நாக்கு என்றால் கொழும்பு ஏலம். ஏலம் என்றால் துரையின் தூக்கம். டீமேக்கரின் வாய் தோட்டத்தின் சொத்து, கூரையும் இயந்திரமும் போல. துரை டிஸ்பென்சரைக் கேட்கவில்லை, துண்டைக் கேட்கவில்லை. தன் காரையும் டிரைவரையும் கூப்பிட்டார். ஹட்டனுக்கு, உடனே, பல் வைத்தியரிடம். கதவில் ஒட்டியிருந்த "தாமதமின்றி" என்ற சொல் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான்கு சக்கரத்தில் ஓடியது.

"சார்" என்றிருக்கிறார் என் கணவர், வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய்யைச் சின்னதாக முடிக்க மனமில்லாமல். "தனியாப் போகப் பயமா இருக்கு. டீச்சரும் கூட வந்தா..."

துரை அவர் தோளில் தட்டினாராம். பல் வைத்தியருக்குப் பயப்படும் ஆண்மகனை அவருக்கு நன்றாகவே புரிந்தது. என் வகுப்பை மற்ற வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று உத்தரவானது.

கார் வளைவுகளில் இறங்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி நான் வாந்தி எடுத்தேன். டிரைவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்குங்க பல்லு வலி?"

"எனக்குத்தான்" என்றார் என் கணவர்.

"சரிங்க" என்றார் டிரைவர். அந்தச் "சரிங்க"வில் நிறைய இடம் இருந்தது.

ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சீனப் பல்வைத்தியர் ஒருவர் இருந்தார். வாசலில் மரப்பலகையில் ஒரு பெரிய பல் வரைந்திருக்கும், வேர் வரைக்கும். தோட்டத்து ஆட்களின் வாய்களோடு பழகிப் பழகி, துரையைவிட நல்ல தமிழ் பேசினார். யாருக்கு என்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். கடைசி நிமிடத்தில் எனக்கு விதிகள் மேல் அளவற்ற மரியாதை வந்துவிட்டது. துரை அனுப்பிய நோயாளி அவர்தான் என்றேன்.

"கன்னம் சொல்லுதே" என்று வைத்தியர் என்னை நாற்காலிக்குக் காட்டினார். "எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"நல்ல மாசம். வாந்தி கொறஞ்சிருக்கும், வயிறும் இன்னும் பெருசாகல. மல்லாந்து உக்கார முடியும்."

"பிடுங்கினா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"பிடுங்காட்டித்தான் ஆகும். உள்ள சீழ் இருக்கு. சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. அது பிள்ளைக்கு நல்லதா?"

அவ்வளவு சாதாரணமாக அவர் கேட்டதும் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அவர் கையில் எடுத்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"அழுது முடிங்க. அழுற வாயில பல்லு பிடுங்க ஏலாது. அவசரமில்ல."

ஊரும் பேரும் தெரியாத அந்த மனிதரின் முதுகைப் பார்த்து, முந்தின ஆண்டில் நடந்ததைச் சொன்னேன். இரத்தம் கண்டு பல் விளக்குவதை விட்டதையும் சொன்னேன். என் கணவர் சுவரோரம் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் திரும்பினார்.

"அது பல்லால ஆகல. உங்களாலயும் ஆகல. ஆகுறது சிலவேளை ஆகும். இந்த நேரத்துல ஈறுல இரத்தம் வரும், நெறைய பேருக்கு. வந்தாலும் விளக்கணும். விட்டதுனாலதான் இது. பிள்ளை உங்க பல்லைத் தின்னல."

டிஸ்பென்சரின் சயன்ஸ் அங்கே முடிந்தது.

"இன்னும் பயமா இருக்கு" என்றேன்.

"பயம் போகட்டும்னு இருந்தா கடை சாத்துற நேரமாயிரும். பயத்தோடயே வாயைத் திறங்க."

திறந்தேன். ஊசி போட்டார். என் கணவர் வந்து என் கையைப் பிடித்தார். துரை கற்பனை செய்ததற்கு நேர்மாறாக. நான் காத்திருந்த பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. தட்டில் ஒரு சின்ன "டிக்". இரண்டு மாதமாக என்னை ஆண்டுகொண்டிருந்தது இவ்வளவு சிறியதா என்று எனக்கு அவமானமாகக் கூட இருந்தது. நான் முதலில் தொட்டுப் பார்த்தது வாயை அல்ல, வயிற்றை. அங்கே எல்லாம் இருந்தபடியே இருந்தது.

வைத்தியர் என் கன்னத்துக்குள் பஞ்சு வைத்தார். "எனக்கும் கொஞ்சம் வேணும்" என்றார் என் கணவர். வைத்தியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் கேட்காமல் அவருக்கும் ஒரு உருண்டை வைத்துவிட்டார். தொழிலில் எத்தனையோ பார்த்தவர். கீழே கடைவீதியில் மெல்லிய ரோமம் வைத்த பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டோம். வாந்தி எடுத்தால் உடனே விளக்காதே, முதலில் தண்ணீரால் கொப்பளி என்று வைத்தியர் மாடியிலிருந்து குனிந்து சொல்லியனுப்பினார்.

காரில் இருவரும் கன்னத்தில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தோம். நோர்வூட் தாண்டியதும் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"டீமேக்கரய்யாவுக்குப் பல்லைப் பிடுங்கினா டீச்சரம்மாவுக்குக் கன்னம் மரத்துப்போகுது. பொருத்தம்னா இதுதாங்க பொருத்தம்."

அதை அவர் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும், எங்களைக் காணும்போதெல்லாம், பணி ஓய்வு பெறும் வரை சொன்னார்.

என் கணவர் சில நாட்கள் தேயிலையைச் சுவைக்காமல் இருக்க வேண்டியதாயிற்று. துரையே உறிஞ்சித் துப்பி, எல்லாமே பிரமாதம் என்று முடிவு கட்டினார். எந்தப் பல் என்று ஒருநாள் கேட்டாராம். இவர் வலப்பக்கத்தைக் காட்டினார். மறுநாள் மறந்துபோய் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமுமா?"

"பரவுது சார்" என்றார் இவர்.

நான் சாப்பிடத் தொடங்கினேன். ரொட்டியும் சம்பலும் அப்படி ருசிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அழுகை ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வந்தால் காரணத்தோடு வந்தது, கணவரிடம் சொன்னால் போனது. கன்றுக்குட்டிப் பாடத்தைக் கண்ணீர் இல்லாமல் கடைசி வரி வரை வாசித்தேன், பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டு, "இப்பத்தான் வயிறு வயிறா இருக்கு" என்றார். காரணம் தன்னுடைய கண்டிப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. டிஸ்பென்சர் சிவப்பு மருந்துதான் என்றார்.

ஆறாம் மாதத்தில் நான் வேலியோரம் போய் நின்றேன்.

"ஆயா, மாங்கா இருக்கா?"

ஆயா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினார். "என்னங்க கேட்டீங்க?"

"மாங்கா. வாய்க்குக் கேக்குது."

"நான் கொண்டாந்து கொட்டினப்ப மொகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. இப்ப மாங்கா முடிஞ்சிருச்சுங்க டீச்சரம்மா." கொஞ்சநேரம் என்னை அனுபவித்துப் பார்த்தார். "உங்க வாய் எப்பவும் லேட்டுத்தான்." சாயங்காலம் எங்கிருந்தோ இரண்டு நெல்லிக்காய் கொண்டு வந்து தந்தார்.

ஜனவரியில் பெண் பிறந்தாள். சவலையாக அல்ல; அழும்போது லயம் வரைக்கும் கேட்டது. வாய் அதிகம் என்று துரை என்னைப் பற்றிச் சொன்னது ஒரு தலைமுறை தள்ளிப் பலித்தது. என் கணவர் அவளுக்கு உடனே ஒரு பேர் சொன்னார். அது அவர் முந்தின ஆண்டு நினைத்து வைத்திருந்ததா, புதிதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் இப்போது கனம் எதுவும் இல்லை.

அந்த விதி கதவிலேயே இருந்தது. அதன் பிறகு கொழுந்தெடுக்கும் பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வந்தால், துண்டு எழுதும்படி நானே டிஸ்பென்சரின் பக்கத்தில் போய் நின்றேன். நோவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் பேனாவோடு விழிப்பார். "வாய் சரியில்லைன்னு எழுதுங்க டாக்டரய்யா, துரை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாலும் அனுப்பிருவார்" என்பேன். இரண்டு மூன்று பேர் அப்படிப் போயும் வந்தார்கள். ஒருத்தியைத் துரை கண்டித்து அனுப்பினார். அவள் கண்டிப்பையும் வாங்கிக்கொண்டு பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

ஏழு மாதமான மகள் ஒருநாள் என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். சுருக்கென்றது. ஈறைத் தடவிப் பார்த்தேன். கீழ்த்தாடையில் அரிசி நுனி போல ஒன்று முளைத்திருந்தது. ஸ்டோருக்கு ஆளனுப்பிக் கணவரை வரவழைத்தேன். அவர் ஒரு கோப்பைச் சாயத்தை ஆராய்வது போல அதைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, டிஸ்பென்சர் படியேறி வந்தார். கையில் ஒரு நீள உறை. முகத்தில், கடைசியில் நான் சொன்னது நடந்தது பார்த்தீர்களா என்ற பெருமை.

"மேலிடத்துப் பதில் டீச்சர்."

வாங்கிப் படித்தேன். தங்கள் கடிதம் கவனிக்கப்பட்டது, மேற்படி கர்ப்பிணி ஐந்தாம் மாதத்தில் இருப்பாராயின், பல்லைப் பிடுங்குவதில் ஆட்சேபனை இல்லை, ஆவன செய்க.

மகள் கையை நீட்டி அதன் ஒரு மூலையைப் பிடித்து, புதிய பல்லால் கடித்துப் பார்த்தாள். டிஸ்பென்சர் பதறிப்போய்ப் பறித்து, ஈரத்தைத் துடைத்து, கிடைத்தது என்று அதில் எழுதி, கையெழுத்திட்டு, எனக்கும் காட்டி, திகதி போட்டார்: ஆகஸ்ட் இருபத்திரண்டு.